ரிலீவர் வரும்வரை

நெய்வேலி நகரியத்துத் தேவாலயம் ஒன்றின் பின்புறக் கூடத்தில், வாசலை ஒட்டி, நீல நிறப் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று கிடக்கும். அதன் முன்கால் ஒன்று சற்றே வளைந்தது. அமர்பவர் இடப்பக்கம் சாயாமல் இருக்கத் தனிக் கவனம் வேண்டும். அந்தக் கவனத்தோடு, மாலை ஐந்து மணி முதல் ஏழு மணி வரை, பல்லாண்டுக் காலம் அதில் அமர்ந்திருந்த அம்மையார் ஒருவரை நான் அறிவேன்.

அவர் ஆசிரியர் அல்லர். போதகர் வீட்டாரும் அல்லர். சுரங்கத்தின் கட்டுப்பாட்டறையில் பணியாற்றியவர். கணவர் நோயில் இறந்தபின் அவ்வேலை அவருக்குக் கிடைத்தது; பெண் என்பதால் என்றும் காலை ஷிப்டு. மண்ணையும் பழுப்பு நிலக்கரியையும் சுமந்து மைல் கணக்கில் ஓடும் பெல்ட்டுகளில் எது ஓடுகிறது, எது நின்றது, எதன்மேல் கண் வைக்க வேண்டும் என்று குறித்து, அடுத்த ஷிப்டுக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வருவார். அந்த அறைக்கு ஒரு சட்டம் உண்டு. பொறுப்பேற்க வேண்டிய அடுத்த ஆள், அதாவது ரிலீவர், வந்து நிற்கும்வரை பணியில் இருப்பவர் இருக்கையை விட்டு எழக் கூடாது. மற்றவர்களுக்கு அது வேலையிடத்துச் சட்டம். அவரோ அதைக் கையோடு கொண்டுவந்து தேவாலயக் கூடத்திலும் நடைமுறைப்படுத்திவிட்டார்.

கூடத்துக்கு வந்தவர்கள் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள். நகரியத்தின் கடைசி வட்டத்துக்கும் அப்பால், தகரக் கூரைகள் நெருங்கிக் கிடக்கும் ஒப்பந்தத் தொழிலாளர் குடியிருப்பிலிருந்து வருவார்கள். பள்ளி விட்ட பிறகு அவர்கள் வீடுகளில் பூட்டுத்தான் இருக்கும். ஒவ்வொரு பிள்ளையின் பக்கத்திலும் ஒரு பெரியவர் இரண்டு மணி நேரம் உடனிருக்க வேண்டும் என்பதே அம்மையாரின் ஏற்பாடு. இதை எவரேனும் டியூஷன் என்று சொன்னால் திருத்துவார்.

"டியூஷன் பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துலயே இருக்குதுங்க. இங்க பக்கத்துல உக்கார ஒரு ஆளு. அவ்ளோதான்."

உடனிருக்க வருபவர்களில் பெரும்பாலோர் சுரங்கத்தினர். வாரந்தோறும் அவர்களுக்கு ஷிப்டு மாறும். முதல் ஷிப்டு வாரத்திலும் இரவு ஷிப்டு வாரத்திலும் மாலையில் வர இயலும். பிற்பகல் இரண்டு முதல் இரவு பத்து வரையிலான இரண்டாம் ஷிப்டு வாரத்தில் இயலாது. சுரங்கத்தினர் ஏ, பி, சி என மூன்று குரூப்; ஒரு குரூப் முழுவதும் ஒன்றாகவே ஷிப்டு மாறும். ஆகவே ஒரு பிள்ளைக்கு இருவர், அவ்விருவரும் வெவ்வேறு குரூப்பினர் என்று வகுத்திருந்தார். ஒருவர் சுரங்கத்துக்குள் இருக்கையில் மற்றவர் கூடத்தில் இருப்பார். பிள்ளைக்கு ஒன்றாக நாற்பது பக்க நோட்டு வைத்திருந்தார். அது பிள்ளை எழுதுவதற்கு அன்று. பெரியவர் ஒருவர் மற்றவருக்குப் பொறுப்பை ஒப்படைப்பதற்கு. கட்டுப்பாட்டறைப் பேரேட்டின் அதே மூன்று தலைப்புகள் அதிலும் இருந்தன. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் நோட்டில் நான் கண்டது இது:

ஓடுவது: பின்னக் கூட்டல்.
நின்றது: பேச்சு. காலையிலிருந்து எவரோடும் பேசவில்லை.
கவனிக்க: செருப்பு அறுந்திருக்கிறது. நேரடியாகக் கேட்க வேண்டாம்.

ஒருநாள் அதே சிறுமிக்கு உரியவர் வரவில்லை. அன்று மாலை குறிஞ்சிப்பாடியில் அம்மையாரின் தங்கை மகளுக்கு நிச்சயதார்த்தம். வேன் தேவாலய வாசலில் நின்று ஒலியெழுப்பிக்கொண்டிருந்தது. பட்டுப் புடவையோடு சிறுமியின் அருகே அமர்ந்து, அரையையும் காலையும் எப்படிக் கூட்டுவது என்று அவள் தமக்குச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தார் அவர். தங்கை உள்ளே வந்து கடிந்துகொண்டார். அம்மையார் அசையவில்லை.

"ஒம் பொண்ணுக்கு மாப்ள வந்துட்டாரு. இவளுக்கு இன்னும் ஆளு வரல. நீ போயி தட்டு மாத்திக்கினு இரு, வரேன்."

ஏழு மணிக்குச் சிறுமியின் தகப்பனார் வந்து அழைத்துச் சென்ற பின்னரே அவர் எழுந்தார். குறிஞ்சிப்பாடி சேர்ந்தபோது பந்தியும் முடிந்திருந்தது என்று பிறகு அவரே சிரித்தபடி சொன்னார். தங்கை ஓராண்டு அவரோடு பேசவில்லை. அதையும் அதே சிரிப்போடுதான் சொன்னார்.

அத்தகப்பனார் முதன்முறை கூடத்துக்கு வந்தது மகளை அழைத்துச் செல்வதற்காக அல்ல. ஒரு கேள்வியோடு வந்தார். பிள்ளைகள் ஒவ்வொரு மாலையும் ஒரு நிமிட மன்றாட்டோடு தொடங்குவார்கள். ஒவ்வொருவரும் வேறு எவரேனும் ஒருவரின் பெயரைச் சொல்ல வேண்டும். காய்ச்சலில் கிடக்கும் தம்பி, வேலை போன பக்கத்து வீட்டுக்காரர், யாராயினும் ஆகட்டும். தம் பெயரைச் சொல்லிக்கொள்ளக் கூடாது. கடவுளிடம் எதைக் கேட்பதாயினும் முதலில் பிறருக்காகக் கேட்டுப் பழக வேண்டும் என்பது அம்மையாரின் நம்பிக்கை. இதைக் கேள்வியுற்ற தகப்பனார் வாசலுக்கு வெளியிலேயே நின்று, தம் பிள்ளையை மதம் மாற்றிவிடுவீர்களா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். அம்மையார் அவருக்கு மறுமொழியாகக் கூறியதை நான் மறக்கவில்லை.

"ஒங்க சாமிய ஒங்க புள்ள கும்புடட்டுங்க. எங்க சாமி என்னைய உக்காரச் சொன்னாரு, நான் உக்காந்துகினு இருக்கேன். சந்தேகமா இருந்தா நீங்களும் வந்து ஒரு வாரம் உக்காருங்க."

தகப்பனார் உட்காரவில்லை. மறுநாளும் அதன் மறுநாளும் வாசற்படியில் நின்று பார்த்தார். நான்காம் நாள் மகளை மட்டும் அனுப்பினார்.

இனி நான் அம்மையாரிடம் அகப்பட்ட கதை. சுரங்க வாயிலில் உள்ள டைம் ஆபீசில் எழுத்தர் நான். வருவோர் போவோர் வருகையைப் பதிவதே வேலை. எந்த ஆள் எந்தக் குரூப் என்பது மனப்பாடம். தந்தையாரின் நினைவுநாளன்று ஆண்டுதோறும் எங்கேனும் ஓர் அறப்பணிக்குக் காசோலை அனுப்புவது என் வழக்கம். ஓராண்டு அக்கூடத்துக்கென ஒரு காசோலை எழுதிக்கொண்டு போனேன். அவர் அதைக் கண்ணாடி அணிந்து முழுவதும் படித்தார், மடித்தார், என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தார்.

"ஒங்கப்பா ஒங்கள செக்கு எழுதியா வளத்தாரு சார்?"

பிள்ளைகளுக்குச் சுண்டலும் நோட்டும் வாங்கப் பணம் வேண்டாமா என்று கேட்டேன். வேண்டும்தான், ஆனால் அதைக் கொடுப்பவர் முதலில் ஒரு மாலை வந்து அமர வேண்டும், அமர்ந்தவர் பிறகு கொடுக்காமல் இருக்க மாட்டார் என்றார். அமராதவரின் பணத்தை அவர் தொட்டதில்லை. அதற்கு அவர் சொன்ன காரணம் இது: "பணத்துக்கு ஷிப்டு கெடையாது சார். புள்ளைக்கு உண்டு."

நான் என் வேலையின் அலுப்பைச் சொன்னேன். என் பணி காலை தொடங்கி மாலை முடியும் ஜெனரல் ஷிப்டு என்பது அவருக்குத் தெரியும். "ஜெனரல் ஷிப்டு ஆளுக்கு ரிலீவர் தேவையில்ல. சாக்கு மட்டுந்தான் தேவை" என்றார். நான் காசோலையோடு வீடு திரும்பினேன். ஆயினும் அதன்பின் அவருடைய பட்டியல்களைத் தட்டச்சு செய்து தரும் பணியை மட்டும் ஏற்றுக்கொண்டேன். உடனிருப்பதற்குப் பதில் அதைக் கொடுத்துத் தப்பித்ததாக எனக்கு நினைப்பு.

அவர் ஓய்வு பெறும் ஆண்டு வந்தது. ஓய்வு பெற்றவர் குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட வேண்டும். அவர் சொந்த ஊரான குறிஞ்சிப்பாடிக்குத்தான் போயாக வேண்டும். உடனிருந்தவர்களிலும் பலர் ஓய்வு பெற்றோ மாற்றலாகியோ போயிருந்தனர். சபைச் செயலாளர் நல்லவர்; ஆனால் நடைமுறை பார்ப்பவர். அரைகுறையாக நடத்திப் பிள்ளைகளை ஏமாற்றுவதைவிட மாலைக் கூடத்தை மூடிவிடுவதே மேல் என்று குழுவில் சொன்னார். இறுதியில் ஒரு நிபந்தனை விதித்தார்கள். பதினெட்டுப் பிள்ளைகள், பிள்ளைக்கு இருவர் என முப்பத்தாறு பெயர்கள். அம்மையார் பணியிலிருந்து ஓய்வு பெறுமுன் அப்பட்டியல் நிறைந்தால் கூடம் தொடரும். நிறையாவிட்டால் அவரோடு அதுவும் நின்றுவிடும்.

"நான் எழுந்திரிக்கணும்னா ஆளு வரணும்" என்று மட்டும் அவர் குழுவில் சொன்னதாகக் கேள்வி.

விளைச்சலைக் காணிக்கையாகப் படைக்கும் அறுப்பின் பண்டிகை நெருங்கியது. ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருள்களை ஏலம் விடுவது அச்சபையின் வழக்கம். ஒரு முட்டைக்கு ஒரு கோழியின் விலை போகும். எடுத்தவர் அதைத் திரும்பக் காணிக்கையாகக் கொடுக்க, அது மீண்டும் ஏலத்துக்கு வரும். அம்மையார் அவ்வாண்டு ஒரு பரங்கிக்காயைக் கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகள் கூடத்து வேலியில் படரவிட்ட கொடியில் காய்த்தது. இரு கைகளாலும் அணைத்துத் தூக்க வேண்டிய பருமன். ஏலம் கூற நின்ற எலக்ட்ரீஷியன் ஒருவர் வழக்கம்போல் ரூபாயில் தொடங்க வாயெடுத்தார். அம்மையார் கையை உயர்த்தி நிறுத்தினார். இக்காய்க்குப் பணம் செல்லாது, சாயங்காலம்தான் செல்லும் என்று அறிவித்தார். வாரத்துக்கு எத்தனை சாயங்காலம், ஓராண்டுக்கு. ஏலத்தில் தோற்றவரும் கேட்ட சொல்லைத் திரும்பப் பெற முடியாது. பெயர்களை எழுத என்னை ஒரு பெஞ்சில் இருத்தியிருந்தார்.

சற்று நேரம் கூட்டம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது. பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவர் 'வாரம் ஒண்ணு' என்றார். அவர் மனைவி, வீட்டில் வாரம் ஒரு நாளாவது உட்கார்ந்ததுண்டா என்று கேட்க, சபையே சிரித்தது. அச்சிரிப்பில் மடை திறந்தது. வாரம் ஒன்று, இரண்டு, சனிக்கிழமையும் சேர்த்து மூன்று என்று குரல்கள் எழுந்தன. எலக்ட்ரீஷியன் ஒரு தரம், இரண்டு தரம் என்று இழுத்து இழுத்துக் கூவினார். எடுத்தவர்கள் காயைத் திருப்பித் தர, அது மறுபடி மறுபடி மேடையேறியது. என் தாளில் முப்பத்தாறாவது பெயர் விழுந்தபோது ஆலயமணியை அடித்துவிட்டார்கள். செயலாளர் எழுந்து நின்று கைதட்டினார். வழக்கப்படி கடைசியாக எடுத்தவர் காயை வீட்டுக்குக் கொண்டுபோனார்.

பிற்பகல் வீட்டில் அமர்ந்து பட்டியலைப் படியெடுத்தேன். பெயருக்கு எதிரே குரூப்பை எழுத வேண்டும். பி, பி, பி என்று எழுதிக்கொண்டே வந்த என் கை நின்றது. முப்பத்தாறு பேரும் பி குரூப். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஞாயிறு காலை ஏ குரூப் முதல் ஷிப்டில் சுரங்கத்துக்குள் இருந்தது; சி குரூப் இரவு ஷிப்டு முடித்து வீட்டில் உறங்கிக்கொண்டிருந்தது. கோவிலுக்கு வர வாய்த்தவர்கள் பிற்பகல் வேலைக்குப் போகவிருந்த பி குரூப்பினர் மட்டுமே. பணத்தில் ஏலம் நடந்த ஆண்டுகளில் இதை எவரும் எண்ண வேண்டியிருக்கவில்லை. இப்போதோ, மூன்று வாரத்துக்கு ஒருமுறை அத்தனை பேரும் ஒன்றாக இரண்டாம் ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். அவ்வாரம் பதினெட்டுப் பிள்ளைகளும் தனித்திருப்பார்கள். நாற்பதாண்டு ஷிப்டு ஊரில், டைம் ஆபீஸ் எழுத்தனே பெயர்களை எழுதியும், இது நேர்ந்தது.

அம்மையாரிடம் போய்ச் சொன்னேன். பட்டியலை வாங்கி விரலால் ஒவ்வொரு பெயராகத் தொட்டு வந்தார். முகம் ஒரு கணம் வாடியது. பிறகு என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி எனக்கு விளங்கவில்லை.

"காயி எங்க சார்?"

கடைசியாக எடுத்தவரின் குவார்ட்டர்ஸுக்கு இருவரும் விரைந்தோம். அவர் வேலைக்குப் போயிருந்தார். அவர் மனைவி அடுக்களையில் அரிவாள்மனையை விரித்து, காயைக் கிடத்தி, முதல் வெட்டைப் போட்டிருந்தார்.

"அண்ணி, நிறுத்துங்க. அது இன்னும் டூட்டில இருக்குது" என்றார் அம்மையார்.

"ஏலத்துல எடுத்தத வெட்டக்கூட விடமாட்டீங்களா? சாயந்தரத்தெல்லாம் அவரு குடுத்துட்டாரு, கொழம்பாவது எங்களுக்கு இல்லியா?" என்று அவர் குறைப்பட்டுக்கொண்டாலும், நிலைமையைக் கேட்டதும் அவரே வெட்டுவாயில் மஞ்சளை அப்பி, பழந்துணியால் இறுகக் கட்டித் தந்தார்.

மறுநாள் அம்மையார் அரைநாள் விடுப்பெடுத்தார். ஷிப்டு மாற இன்னும் இரண்டு நாள் இருந்தது. பிற்பகல் இரண்டு மணிக்கு ஏ குரூப் வெளியே வரும். பி குரூப் உள்ளே போகும். சுரங்க வாயிலுக்கு வெளியே, சைக்கிள் நிறுத்தத்தின் முன், கட்டுப்போட்ட பரங்கிக்காயை ஒரு ஸ்டூலின்மேல் வைத்து நின்றார் அவர். பக்கத்தில் தாளோடு நான். ஏ குரூப்பினர் பழுப்புத் தூசி படிந்த முகங்களோடு பஸ்ஸை நோக்கி நடந்துவந்தனர். பஸ் கிளம்பப் பத்து நிமிடமே இருந்தது.

காய்க்கு என்ன ஆயிற்று என்று ஒருவர் கேட்டார்.

"ஆக்சிடெண்டு கேஸுங்க. ஃபர்ஸ்ட் எய்டு குடுத்தாச்சு. ரிலீவர்தான் வரல."

சிரித்தபடி சிலர் நின்றனர். அவர் இரண்டே வாக்கியங்களில் செய்தியைச் சொன்னார். பிறகு, உள்ளே போய்க்கொண்டிருந்த பி குரூப்பினரைக் காட்டி, குரலை உயர்த்தினார். "நேத்து பி குரூப்பு முப்பத்தாறு பேரு எழுதிக் குடுத்துட்டாங்க. ஏ குரூப்புல ஆளே இல்லன்னு அவங்க பேசிக்கிறாங்க. நான் நம்பல. அதான் நேர்ல வந்தேன்."

உற்பத்தியில் இரு குரூப்புகளுக்கும் நெடுநாளைய போட்டி உண்டு. வாயிலைக் கடந்துகொண்டிருந்த பி குரூப்பினர் திரும்பி நின்று, 'ஏ குரூப்பு சாயங்காலம் தூங்கிக்கினு இருக்கும் அக்கா, விடுங்க' என்று குரல் கொடுத்தனர். அது போதுமானதாக இருந்தது. தோளில் சாப்பாட்டுப் பை தொங்க, திருநீறு வியர்வையில் கரைந்த நெற்றியோடு ஒருவர் முன்னே வந்து வாரம் இரண்டு என்றார். தொழுகைக்குப் போகுமுன் ஒரு மணி நேரம் வரலாமா என்று இன்னொருவர் கேட்டார். அதுவும் எழுதப்பட்டது. பஸ் ஓட்டுநர் ஒலியெழுப்பினார், எவரும் ஏறவில்லை. ஓட்டுநரே இறங்கிவந்து என்ன என்று விசாரித்தார். அவர் பெயரையும் எழுதினேன். பிள்ளைக்கு ஒருவராகப் பதினெட்டுப் பேர் வேண்டும்; பதினேழு ஆயின. ஒருவர் குறைந்தார். கூட்டம் கலையத் தொடங்கியது.

அப்போது பக்கவாட்டு வழியாக ஒப்பந்தத் தொழிலாளர்கள் வெளியே வந்தனர். அவர்களில் ஒருவர் ஸ்டூல் அருகே வந்து நின்றார். பின்னக் கூட்டல் சிறுமியின் தகப்பனார். பெர்மனெண்ட் ஆட்கள் நடுவே நின்று பேசக் கூசியவர்போல், காயைப் பார்த்தே பேசினார்.

"எனுக்கு எழுத்து தெரியாதுங்க. பக்கத்துல சும்மா உக்காந்துகினு இருக்கலாங்களா?"

"அதுக்குத்தாங்க இத்தினி வருஷமா ஆளு தேடிக்கினு இருக்கேன்" என்றார் அம்மையார். "ஒங்க பொண்ணு பக்கத்துலயா?"

"அவளுக்குத்தான் யாரோ உக்காந்தாங்களே. வேற புள்ளைக்கிங்க."

அம்மையார் ஒரு தரம், இரண்டு தரம் என்று சொல்லவில்லை. நேரே மூன்றாம் தரத்தைச் சொல்லி, காயைத் தூக்கி அவர் கைகளில் வைத்தார். இரு குரூப்பும் சேர்ந்து எழுப்பிய ஆரவாரத்தில் காவலர் அறையிலிருந்து ஆள் ஓடிவந்தார். ஓட்டுநர் பஸ்ஸில் ஏறி, நிறுத்தாமல் ஒலியெழுப்பினார். காயைத் தோளில் ஏற்றிக்கொண்டு அம்மனிதர் நடந்துபோனார். அவரோடு வந்த ஒப்பந்தக்காரர்கள் திருவிழாவில் போவதுபோல் பின்தொடர்ந்தனர். மறுநாள் மாலை அது இனிப்புக் கூட்டாகிக் கூடத்துக்குத் திரும்பி வந்தது. பதினெட்டுப் பிள்ளைகளும் உண்டனர். கட்டுப்போட்டுத் தந்த அண்ணிக்கும் ஒரு கிண்ணம் போயிற்று.

பஸ் போனபின் வாயில் வெறிச்சோடியது. நான் தாளை மடித்துக்கொண்டிருந்தேன். அம்மையார் ஸ்டூலைத் துடைத்தபடி கேட்டார்.

"எல்லார் பேரும் எழுதிட்டீங்க சார். ஒங்க பேரு எங்க?"

நான் எந்தக் குரூப்பிலும் இல்லையே, ஜெனரல் ஷிப்டு ஆயிற்றே என்றேன். வாயிலிருந்து வெளிவந்தபோதே அது சாக்கு என்று எனக்கே தெரிந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை.

"அது சரி. எல்லா சாயங்காலமும் வரக்கூடியவங்களுக்குன்னு ஒரு நாற்காலி வெச்சிருக்கேன். ஒரு காலு வளைஞ்சிருக்கும். பாத்து உக்காரணும்."

அம்மாதக் கடைசி நாள் அவர் பணி ஓய்வு பெற்றார். சுரங்கத்தில் மாலையும் சால்வையும் அணிவித்து, ஜீப்பில் ஏற்றி வீட்டில் விடுவது வழக்கம். ஜீப்பைத் தேவாலயத்துக்கு ஓட்டச் சொல்லி, சால்வையோடே நீல நாற்காலியில் வந்து அமர்ந்துவிட்டார். பதினெட்டுப் பிள்ளைகள், பதினெட்டுப் பெரியவர்கள். பின்னக் கூட்டல் சிறுமியின் தகப்பனார் ஒரு மூலையில் ஆறாம் வகுப்புப் பையனொருவன் படிப்பதைக் கண்ணிமைக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். சற்றுத் தள்ளி அவர் மகள் தன் அருகில் இருந்த பெரியவரோடு ஏதோ வாதாடிக்கொண்டிருந்தாள். பின்னத்தில் அவர் செய்த பிழையை அவள் கண்டுபிடித்திருந்தாள்.

ஐந்தடித்துச் சில நிமிடங்களில் நான் போய் அவர் முன் நின்றேன். அவர் உடனே எழவில்லை. மடியிலிருந்த புது நோட்டைத் திறந்து, கண்ணாடியைச் சரிசெய்து, நிதானமாக எழுதினார். எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

ஓடுவது: பதினெட்டு.
நின்றது: ஒன்றுமில்லை.
கவனிக்க: நாற்காலியின் இடப்பக்கம்.

நான் கையொப்பமிட்டேன். அப்போதுதான் அவர் எழுந்தார்.